பெட்டி ஃப்ரீசரா, கதவு ஃப்ரிட்ஜா: கெக் வைக்க எது வசதி?

மூன்று வருடம் பெட்டி ஃப்ரீசரில் கெக் (பீர் அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாய்) வைத்துப் பீர் ஊற்றினேன். போன வருடம் அதைக் கொடுத்துவிட்டுக் கதவு வைத்த சாதாரண ஃப்ரிட்ஜுக்கு மாறினேன். மெல்பர்னில் வீட்டில் பீர் காய்ச்சுகிற யாரைக் கேட்டாலும் முதலில் பெட்டி ஃப்ரீசரைத்தான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டையும் என் கையால் கட்டிப் பார்த்த பிறகு, ஃப்ரிட்ஜ்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் ஒன்றுதான்: தண்ணீர். அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இதே காரியம் குற்றம். இங்கே எழுதியிருப்பது இங்குள்ள கராஜுக்கு மட்டும்.

பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். அடிலெய்டின் கூப்பர்ஸ் 1862-லிருந்து பீர் காய்ச்சுகிற கம்பெனி. அவர்களுடைய 1.7 கிலோ மால்ட் (முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு) டின் ஒன்று, ஒரு கிலோ சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர் சேர்த்தால் 23 லிட்டர் பீர். 750 மில்லி பாட்டிலில் கணக்குப் போட்டால் முப்பது. முப்பதையும் கழுவி, கிருமி நீக்கி, ஒவ்வொன்றிலும் அளந்து சர்க்கரை போட்டு, மூடி அழுத்தி, கேஸ் ஏறுவதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். கெக்கில் ஒரே ஒரு பாத்திரத்தைக் கழுவினால் போதும். கெக் 19 லிட்டர் என்பதால் மிஞ்சுகிற நாலு லிட்டரை இன்றும் ஐந்து பாட்டிலில் அடைக்கிறேன். நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போக அது வசதி.

கடையில் ரெடியாக விற்கும் கெக் ஃப்ரிட்ஜும் இருக்கிறது. மூன்று கெக் பிடிக்கும், மேலே கோபுரம் மாதிரி குழாய் நிற்கும், வாங்கிய அன்றே ஓடும். அந்தக் கோபுரம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே நிற்பதால் சூடாகிவிடும், முதல் கிளாஸ் வெறும் நுரையாக வரும். உள்ளிருந்து குளிர்காற்றை மேலே தள்ள ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சரியாகிவிடும். பணம் இருந்து, நேரம் இல்லாதவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம். நான் நண்பர் வீட்டில் ஊற்றிக் குடித்ததோடு சரி, சொந்தமாக வைத்திருந்ததில்லை.

இனி பெட்டி ஃப்ரீசர். மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் அந்த நீளப் பெட்டிதான். இங்கே இதற்குக் 'கீசர்' என்று செல்லப்பெயர். நமக்கு அது குளியலறை வெந்நீர்ப் பெட்டியை நினைவூட்டும் என்பதால் நான் ஃப்ரீசர் என்றே சொல்கிறேன். இதன் நான்கு சுவருக்குள்ளும் குளிர்வாயுக் குழாய் ஓடுகிறது. எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. ஆகவே சுவரில் துளை போடவே கூடாது. அதற்குப் பதில் பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே 14 செ.மீ. உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்து, அந்த மரத்தில்தான் பீர்க் குழாய்களைப் பொருத்துவோம். கெக் 63 செ.மீ.க்கு மேல் உயரம். சட்டம் வைத்தால் அதற்கும் இடம் கிடைக்கும். நான் மெர்பா மரத்தில் செய்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் மைனஸ் 18 டிகிரிக்கு ஆனது. பீரை 3 டிகிரியில் வைக்க வெளியே ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் தேவை. இங்க்பேர்ட் மாதிரி ஒன்றை வாங்கி, ஃப்ரீசரின் பிளக்கை அதில் சொருகி, சென்சரைக் கெக்கின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். கம்ப்ரசர் அடிக்கடி ஆன் ஆஃப் ஆகாமலிருக்க நாலைந்து நிமிடத் தாமதமும் வைத்தேன். இதுவரை ஒரு குறையும் இல்லை. நாலு கெக் பிடித்தது, கரண்ட் குறைவாகத்தான் இழுத்தது, மூடி மேலே இருப்பதால் திறந்தாலும் குளிர் கொட்டிப் போகவில்லை. முதல் கோடை முழுக்க அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

மார்ச் மாதம் மனைவி கராஜுக்குள் வந்து, "ஏங்க, இங்க என்ன ஈரத்துணி வாடை?" என்று கேட்டாள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கெக்கின் கறுப்பு ரப்பர் அடிப்பாகம் அதில் ஊறிக்கொண்டிருந்தது. மரச்சட்டத்தின் உள்மூலைகளில் கறுப்புப் பூஞ்சை.

இது ஏதோ என் பெட்டியின் கோளாறு இல்லை. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே போகிறது. மைனஸ் 18-இல் அந்த ஈரம் சுவரில் பனியாக ஒட்டிக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு தடவை சுரண்டினால் போதும். நாம் வைப்பதோ 3 டிகிரி. அந்தச் சூட்டில் பனி பிடிக்காது, முத்து முத்தாக வியர்த்து வழிந்து அடியில் சேரும். சேர்ந்தது வெளியேற வழியே இல்லை, அது ஒரு தொட்டி. சில மாடல்களில் அடியில் ஒரு அடைப்பான் இருக்கும். என்னுடையதில் இல்லை. இதோடு கெக் மாற்றும்போது இணைப்பிலிருந்து நாலு சொட்டு பீரும் சிந்தும். இனிப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. நிறம் மாறும் சிலிகா ஜெல் டப்பா வாங்கிப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் நிறம் மாறிவிடும், எடுத்து ஒரு இரவு பிளக்கில் போட்டுக் காயவைத்து மறுபடி வைக்க வேண்டும். ஒரு வாரம் மறந்தால் மறுபடி சொதசொத. கால்சியம் குளோரைடு டப்பாவும் வைத்துப் பார்த்தேன். அது ஈரத்தை இழுத்து உப்புநீராகச் சேர்த்து வைக்கும், கவிழ்ந்தால் இரும்பை அரித்துவிடும். பயந்து எடுத்துவிட்டேன்.

சரி, துடைத்துவிட்டால் ஆயிற்று என்றுதான் தோன்றும். எப்படித் துடைப்பது? அடியைத் துடைக்க நாலு கெக்கையும் வெளியே எடுக்க வேண்டும். நிறைந்த கெக் ஒன்று 23, 24 கிலோ. பெட்டியின் விளிம்பு, மேலே மரச்சட்டம் எல்லாம் சேர்ந்து என் இடுப்புக்கு மேல் வந்துவிடும். குனிந்து, கையை நீட்டி, அந்தப் பாரத்தை நேராக மேலே தூக்கி விளிம்பைக் கடத்த வேண்டும். முழங்காலை மடக்கித் தூக்கும் வித்தை இங்கே செல்லாது, ஏனென்றால் காலுக்கும் கெக்குக்கும் நடுவில் பெட்டியின் சுவர் நிற்கிறது. சட்டத்தை மூடியோடு சேர்த்து மாட்டியிருந்தால் அந்த 14 செ.மீ. குறைந்திருக்கும். புதிதாகக் கட்டுபவர்கள் அப்படியே செய்யுங்கள். நான் பெட்டியோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். இரண்டாவது குளிர்காலத்தில் இடுப்பு பிடித்து மூன்று நாள் படுத்தேன். அதற்கப்புறம் துடைப்பதையே தள்ளிப்போட ஆரம்பித்தேன். தள்ளிப்போட்டால் பூஞ்சை.

இதே வேலையில் இன்னொரு விஷயம் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது. பீரில் கேஸ் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் பெட்டிக்கு உள்ளேயே இருந்தது. ஒரு நாள் ரப்பர் வாஷர் சரியாக உட்காராமல் 2.6 கிலோ கேஸ் ஒரே இரவில் காலி. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கிணற்றில் தங்குவது போல அது பெட்டிக்குள் தங்கும். அடியைத் துடைக்கத் தலையை விட்டுக் குனிகிறவன் அதைத்தான் மூச்சில் இழுப்பான். அன்று காலை மூடியைத் திறந்ததும் மூக்கு சுரீரென்று எரிந்தது, பின்வாங்கிவிட்டேன். ஃப்ரீசர்தான் வேண்டும் என்பவர்களும் சிலிண்டரை வெளியே வையுங்கள், குனிவதற்கு முன் ஃபேன் போட்டுக் காற்றை மாற்றுங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீர்ச் சோதனை ஃப்ரிட்ஜுக்கும் பொருந்தும்.

இப்போதைய ஃப்ரிட்ஜ், வேண்டாத பெரிய சாமான்களைக் கவுன்சில் எடுத்துப்போக வாசலில் வைக்கும் ஹார்ட் ரப்பிஷ் வாரத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் நின்றது. மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. வீட்டுக்காரரிடம் கேட்டேன், ஓடுகிறது, சமையலறையை மாற்றுவதால் வெளியே வைத்தோம் என்றார். நண்பன் டிரெய்லரைக் கொண்டுவந்தான். "மச்சான், இதுக்கா அந்த மரவேலையெல்லாம் விட்டுட்டு வர்ற?" என்று அவனுக்கு வருத்தம்தான்.

கட்டுவது இதில் எளிது. பக்கச் சுவர்களில் குழாய் ஓடலாம், அங்கே தொடக் கூடாது. கதவில் குளிர்வாயுக் குழாய் கிடையாது. தண்ணீர் வரும் மாடல், திரை வைத்த மாடல் என்றால் கதவில் வயர் இருக்கும், அந்த மாதிரியைத் தவிர்த்துவிடலாம். ஏறக்குறைய 22 மி.மீ. ஹோல் சா வைத்து வெளித் தகடு, நுரை, உள் பிளாஸ்டிக் மூன்றையும் கடந்து துளை போட்டு, ஷேங்க் என்ற மரை போட்ட உலோகத் துண்டைச் செருகி முறுக்கினால் பீர்க் குழாய் நிற்கும். மூன்று குழாய்க்கு அரை நாள். கண்ணாடித் தட்டு கெக்கின் பாரம் தாங்காது. அவற்றையும் காய்கறி டப்பாவையும் எடுத்துவிட்டு அடியில் தடித்த பிளைவுட் போட்டேன். சிலிண்டர் வெளியே பக்கவாட்டில் நிற்கிறது, அதன் குழாய்க்கும் கதவிலேயே ஒரு சின்னத் துளை.

தண்ணீர்? அதை ஃப்ரிட்ஜே பார்த்துக்கொள்கிறது. பின்பக்கத்தில் குளிரும் கம்பிச்சுருளில் ஈரம் பனியாகப் பிடிக்கிறது. ஒரு சின்ன ஹீட்டர் அவ்வப்போது அதை உருக்குகிறது. உருகிய தண்ணீர் ஒரு குழாய் வழியே கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிறது. நம் சமையலறை ஃப்ரிட்ஜ் தினமும் செய்கிற வேலைதான், அதனால் யாரும் கவனிப்பதில்லை. மூன்று வருடம் துணியும் வாளியுமாகத் திரிந்த எனக்கு அது பெரிய விஷயம். ஒன்றரை வருடத்தில் நான் செய்தது ஒரே ஒரு தடவை அந்த வடிகால் துளையைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுத்ததுதான். கெக்கை ஒரு சாண் உயரம் தூக்கி உள்ளே தள்ளினால் போதும். சொட்டிய பீரை அப்போதே துடைத்துவிடுகிறேன், ஏனென்றால் கைக்கு எட்டுகிறது.

மேலேயுள்ள ஃப்ரீசர் எனக்குக் கிடைத்த போனஸ். பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ பாக்கெட்டுகளை அதில்தான் வைக்கிறேன். ஹாப்ஸ் உறைகுளிரில் நீண்ட நாள் வாசம் மாறாமல் இருக்கும்.

லைன் (கெக்கிலிருந்து பீர் வரும் டியூப்) கழுவுவது, கேஸ் அழுத்தம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். 3, 4 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. வைத்தால் இரண்டு வாரத்தில் சாதாரண ஏல் பீருக்குச் சரியான அளவு கேஸ் ஏறும். 4 மி.மீ. உள்விட்ட லைன் ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு மீட்டர் விடுகிறேன், நுரை அடங்கி வருகிறது.

ஃப்ரிட்ஜ் தோற்கும் இடங்களையும் சொல்லத்தான் வேண்டும். நாலு கெக் போய் மூன்றாயிற்று. பின்னால் கம்ப்ரசர் மேடு இடத்தை அடைத்துக்கொள்கிறது. கதவைத் திறந்தால் குளிர் காலடியில் கொட்டுகிறது. கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது என்றுதான் நினைக்கிறேன், தனியாக மீட்டர் வைத்து அளக்கவில்லை. 40 டிகிரி அடித்த ஜனவரி நாட்களில் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது, ஆனாலும் பீர் 5 டிகிரியைத் தாண்டவில்லை. மெல்பர்ன் குளிர்காலக் கராஜ் ஐந்தாறு டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, அதில் தொந்தரவு வரவில்லை. கான்பெரா மாதிரி உறைகிற ஊரில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

விற்கும்போது ஃப்ரீசர்தான் ஜெயிக்கும். மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தேய்த்துக் கழுவினேன், ஒரு கீறல் இல்லை. 150 டாலருக்கு வாங்கியதை 120-க்குக் கொடுத்தேன். வாங்கியவர் அதில் மீன் வைக்கிறார். கதவில் மூன்று துளை போட்ட ஃப்ரிட்ஜை இன்னொரு பீர் காய்ச்சுகிறவர் தவிர யாரும் தொட மாட்டார்கள். சும்மா கிடைத்தது என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் துளை போடும் முன் ஒரு வாரம் அப்படியே ஓடவிட்டுப் பாருங்கள். கதவு ரப்பரில் ஒரு நோட்டைச் சொருகி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். அப்புறம், உள்ளே ஒரு கெக்கை நிறுத்திக் கதவு மூடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நான் முதலில் பார்த்த ஃப்ரிட்ஜில் இரண்டு விரற்கடை போதாமல் கதவு மூடவில்லை, வெறுங்காலி கெக்கைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தேன்.