பழைய போர்க்கால ஏர்ஃபீல்டு தேட கூகுள் எர்த் ப்ரோ எப்படி? ஒரு மாசம் நோண்டிப் பாத்தது

எப்பவோ டவுன்லோட் பண்ணி சும்மா கெடந்த கூகுள் எர்த் ப்ரோவ ஒரு மாசமா தூக்கம் கெட்டு நோண்டிட்டு இருக்கேன், எதுக்குன்னா ரெண்டாம் உலகப்போர்ல அவசரமா கட்டி அப்புறம் எல்லாரும் மறந்துட்ட ஏர்ஃபீல்டுங்கள தேடறதுக்கு. கம்ப்யூட்டர்ல போடற வெர்ஷன்தான் சொல்றேன், 2015ல இருந்தே ஃப்ரீ.

முதல்ல கண்ணு பழகணும். அதுக்கு நேரா இங்கிலாந்துல சில்வர்ஸ்டோனுக்கு போங்க. எஃப் ஒன் பாக்கறவங்களுக்கு தெரியும், 1950ல முதல் உலக சாம்பியன்ஷிப் ரேஸ் நடந்த எடம். ஆனா 1943ல தொறந்தப்ப அது வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கு ஆள் தயார் பண்ற ட்ரெய்னிங் ஏர்ஃபீல்டு. டிராக்குக்கு நடுவுல உத்துப் பாத்தா பழைய ரன்வே இன்னும் தெரியுது. ஃப்ளோரிடால செப்ரிங் ரேஸ் டிராக்கும் அதே கதைதான், அங்க பழகினது பி-17 குண்டுவீச்சு விமானம்.

அந்தக் கால பிரிட்டிஷ் பாம்பர் ஏர்ஃபீல்டுக்கு ஒரு அச்சு உண்டு. மூணு ரன்வே ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டு இங்கிலீஷ் 'ஏ' எழுத்து மாதிரி கெடக்கும், காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் ஏதாவது ஒண்ணுல எறங்கிடலாம்னுதான். பெரிய ரன்வே 2,000 கஜம், மத்த ரெண்டும் 1,400, அகலம் 50 கஜம், அதாவது சுமாரா 45 மீட்டர். இந்த அளவு மனசுல இருந்தா ரூலர் டூல் ஒண்ணு போதும். ஒரு நாள் ராத்திரி 'ஏ' மாதிரியே ஒண்ணு மாட்டுச்சு, குதிச்சிட்டேன், ரூலர் வெச்சுப் பாத்தா அகலம் 12 மீட்டர், ரன்வேன்னா 45 மீட்டராவது இருக்கணும், கடைசில அது வயக்காட்டு ரோடு மூணு கூடற எடம். அசடு வழிஞ்சேன். ஓரத்துல கைப்பிடி போட்ட தோசைக்கல் மாதிரி வட்டம் வட்டமா தெரிஞ்சா மட்டும் சந்தேகமே வேண்டாம், ஒரே குண்டுல எல்லா விமானமும் போயிடக்கூடாதுன்னு தள்ளித் தள்ளி நிறுத்தி வெச்ச எடம் அது.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது கடிகாரம் படம் போட்ட பட்டன்தான். அமுக்கினா அதே எடத்தோட பழைய வருஷப் படமெல்லாம் வரும். மழையில்லாத கோடையா பாத்து எடுங்க, பிரிட்டன்ல 2018 மாதிரி. கான்கிரீட்ட பேத்து எடுத்துட்டாலும் அடில ஜல்லி கொஞ்சம் கெடக்கும், அதுக்கு மேல மண்ணுல ஈரம் நிக்காது, அதனால அங்க மட்டும் பயிர் சீக்கிரம் மஞ்சளாயிடும். முந்தின வருஷப் படத்துல வெறும் பச்சை வயல், அந்தக் காஞ்ச வருஷத்துல பளிச்சுனு ரன்வே கோடு! பேய் வந்த மாதிரி இருந்துச்சு.

சரி, எங்க சறுக்குதுன்னா பைலட் ட்ரெய்னிங் எடங்கள்லதான். கனடால பரவால்ல, 1939 டிசம்பர்ல காமன்வெல்த் நாடுங்க ஒப்பந்தம் போட்டு பைலட், நேவிகேட்டர்னு விமானத்துல போற ஆளுங்க 1,30,000 பேருக்கு மேல பழக்கினாங்க, அதுக்குப் போட்ட முக்கோண ரன்வே கோதுமைக் காட்டுக்கு நடுவுல இன்னும் தெரியும். ஆனா டைகர் மாத் மாதிரி லேசான விமானத்துல அரிச்சுவடி பழகின மைதானம் பல எடத்துல வெறும் புல்தரை. நாலு ஷெட்டு, ஒரு காத்துப்பை, அவ்ளோதான். ஷெட்ட கழட்டிட்டு உழுதுட்டா வானத்துலேர்ந்து என்னத்த பாக்கறது? ஆப் மேல தப்பு இல்ல.

அதுக்கு போர் முடிஞ்ச கால மேப்ப பக்கத்துல வெச்சுக்கணும். பிரிட்டிஷ் சர்வே மேப்ல ரகசியம்னு ஏர்ஃபீல்ட வரையாம விட்டிருப்பாங்க, சுத்தி வேலி, ஓடை எல்லாம் நெருக்கமா இருக்க நடுவுல மட்டும் ஒரு வெத்து எடம் இருந்தா அதுதான். மறைக்கப் போயி காட்டிக் குடுத்துட்டாங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், கான்கிரீட் ஏர்ஃபீல்டு மட்டும் தேடறவங்கன்னா அஞ்சே குடுத்துக்கலாம். கண்டுபுடிச்சா நேர்ல போகாம இருக்க முடியாது, தெரியும், ஆனா இப்போ அது யாரோட நிலமோ, கேட்டுட்டு உள்ள போங்க, தரையில துருப்புடிச்ச இரும்பு எது கெடந்தாலும் தொடாதீங்க, வெடிக்காத குண்டா இருக்கலாம்.