பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எந்த ட்ரிகர் ஊசி?

ஐவிஎஃப் சிகிச்சையில் முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு போடுவது ட்ரிகர் ஊசி. முட்டைகளைக் கடைசியாக முதிர வைப்பது அதன் வேலை. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஓஹெச்எஸ்எஸ் சிக்கல் வருமா என்பதும் பெருமளவு இந்த ஊசியைப் பொறுத்ததே.

நெடுங்காலமாகப் புழங்குவது எச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி. உடலில் இயல்பாகச் சுரக்கும் எல்ஹெச் என்ற ஹார்மோன் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் எல்ஹெச் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். எச்சிஜி பாதியாகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்து, ஸ்கேனில் முட்டை வளரும் ஃபாலிகிள் பைகள் இருபது முப்பது தெரிந்தால், அத்தனையும் நாள்கணக்கில் தூண்டப்பட்டபடியே இருக்கும். அவை விடும் விஇஜிஎஃப் என்ற பொருள் ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும். வயிற்றில் நீர் கோர்க்கும், ரத்தம் கெட்டியாகும், சிறுநீர் குறையும். கரு தங்கிவிட்டால் கர்ப்பமே எச்சிஜியைச் சுரக்கும், அப்புறம் சிக்கல் இன்னும் நீளும்.

இன்னொன்று லூப்ரோலைட், ட்ரிப்டோரெலின் போன்ற அகோனிஸ்ட் ஊசி. இது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி நம் எல்ஹெச்சையே வெளியே கொண்டுவரும். அந்த எழுச்சி சீக்கிரம் அடங்கிவிடுவதால் ஓஹெச்எஸ்எஸ் வெகுவாகக் குறைகிறது. ஆனால் கர்ப்பத்தைத் தாங்க வேண்டிய ஹார்மோன் சுரப்பும் கூடவே சரிந்துவிடும். அதே மாதம் கரு வைத்தால் பலன் குறைவு. எனவே கருக்களை உறைய வைத்துவிட்டுப் பிறகு வைப்பார்கள். முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் இடையில் மட்டும் தடுத்துவைக்கும் ஆன்டகோனிஸ்ட் முறையில் சினைப்பையைத் தூண்டினால்தான் இந்த ஊசி எடுபடும். பிட்யூட்டரியை முன்பே அடக்கிவைக்கும் லாங் புரோட்டோகாலில் எடுபடாது.

உறைய வைத்தால் வாய்ப்புக் குறையும் என்ற பயம் பலருக்கு உண்டு. பிசிஓஎஸ் உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உறைந்த கரு வைத்தவர்களில் 49.3 சதவீதத்தினருக்கும் உடனே வைத்தவர்களில் 42 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. ஓஹெச்எஸ்எஸ் முறையே 1.3, 7.1 சதவீதம். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலான ப்ரீஎக்லாம்ப்சியா உறைந்த தரப்பில்தான் அதிகம்: 4.4க்கு 1.4. அதனால் கர்ப்பத்தில் பிபியைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஃபாலிகிள்கள் குறைவாக இருப்பவருக்கு எச்சிஜியே போதும். முட்டை நிறைய வருபவர்களுக்கு அகோனிஸ்டும் உறைய வைப்பதும்தான் சரி என்பேன். கூடுதல் செலவும் காத்திருப்பும் வலிக்கும்தான். ஆனாலும் ஐசியூ வரை போகக்கூடிய ஆபத்தை அதற்காக ஏற்க வேண்டியதில்லை. தூண்டும் முறையை முதலிலேயே முடிவு செய்வதால், தூண்டும் ஊசிகள் தொடங்குமுன் இதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த ஊசி போட்டாலும், சுடிதார் நாடா ஒரே நாளில் இறுக ஆரம்பித்தாலோ, எடை ஒரு நாளில் ஒரு கிலோ கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கெண்டைக்காலில் வலி வந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.