‘பூமிச் சூட்டில் சுடுநீர்’: முற்பணம் கட்டமுன் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு கறுப்புக் குழாய் முனைகள் நிலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வாயில் பொலித்தீன் பை சுற்றி இறப்பர் பட்டி போட்டிருக்கிறது. ஒரு நிறுவனம் 60 வீதம் முற்பணமாக வாங்கிய ‘நிலத்தடிச் சுடுநீர்’ வேலை அவ்வளவோடு நின்றுவிட்டது. நிலத்தில் ஆழத் துளை போட்டுக் குழாய் இறக்கி, மண்ணின் சூட்டை வெப்பப் பம்பியால் எடுத்துத் தண்ணீரைச் சூடாக்குகிற திட்டம் அது. தடுத்தது இயந்திரக் கோளாறு அல்ல, காணி.

இப்படியான தொடர்மாடியில் (சட்டப் பெயர் ‘கூட்டாதனம்’) நிலம் தனி வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது பொதுப்பகுதி. வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் துளை போட்டால், பக்கத்து வீட்டார் ஒருவர் முறையிட்டாலே வேலை நின்றுவிடும். தனிக் காணியென்றாலும் முதலில் நீர்வளச் சபையிலும் மாநகர சபையிலும் விசாரியுங்கள். “பெர்மிட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று விற்க வருபவர்கள் சொல்கிறார்களா? அனுமதி கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும், துளையை மூடும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

மூடுவது சின்ன வேலையில்லை. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அடியிலிருந்து மேல்நோக்கி பென்டனைற் (தண்ணீர் பட்டால் உப்பும் களிமண்) கலவையால் நிரப்பவேண்டும். மேலிருந்து மண்ணைக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். மலக்குழிக் கசிவு அந்த வழியாகவே நிலத்தடி நீருக்கு இறங்கும்.

சரி, இவ்வளவு பாடும் எதற்கு? கொழும்பு மண்ணின் சூடு ஏறக்குறைய 28 பாகைதான். இது கன்னியா வெந்நீர்க் கிணறு அல்ல. 200 லீற்றர் தண்ணீரை 28இலிருந்து 50 பாகைக்கு ஏற்ற 5.1 அலகு வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டர் அதே அளவு மின்சாரம் தின்னும். செயற்றிறன் 3 உள்ள, அதாவது 1 அலகு மின்சாரத்துக்கு 3 அலகு வெப்பம் தருகிற, வெப்பப் பம்பிக்கு 1.7 அலகு போதும். ஆனால் இங்கே காற்றும் வருடம் முழுக்க மண்ணளவு சூடுதானே! வெளிச்சுவரில் மாட்டும், காற்றிலிருந்து வெப்பமெடுக்கும் பம்பியே கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். பனிக்காலத்தில் காற்று உறைநிலைக்கு இறங்க, மண் மட்டும் 10 பாகையில் நிற்கிற ஐரோப்பிய ஊர்களில்தான் 100 மீற்றர் துளைக்கு அர்த்தம்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் பற்றுச்சீட்டு, விலைமனு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பிரதியெடுத்து நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குக் கெடு 3 மாதம். “அடுத்த கிழமை மெஷின் வரும்” என்று இழுத்தடித்தால் ஓடிக் கழிவது அந்த 3 மாதம்தான்.