ஸ்பெயினா, போர்ச்சுகலா, மலேசியாவா, துபாயா? ரிமோட் வேலைக்கான குடியிருப்பு அனுமதிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பெங்களூரில் ரிமோட் வேலை பார்க்கும் தமிழர்களிடையே வெளிநாட்டில் தங்கும் பேச்சு எழும்போதெல்லாம், எந்த நாட்டில் அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்குச் சம்பளம் தருவது யார், அது எந்தக் கணக்கில் வந்து விழுகிறது? இந்த ஊரில் ரிமோட் வேலை என்று சொல்பவர்கள் மூன்று வகையினர். முதல் வகையினர் இந்திய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில், பி.எஃப். பிடித்தத்தோடு இருப்பவர்கள். இரண்டாம் வகையினர் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்தாலும், அந்த நிறுவனத்தின் சார்பில் சம்பளப் பட்டியலை நடத்தும் ஓர் இந்திய இடைநிறுவனத்தின் ஊழியர்களாகவே காகிதத்தில் இருப்பவர்கள். மூன்றாம் வகையினர் இன்வாய்ஸ் அனுப்பி டாலரில் பணம் பெறும் ஒப்பந்ததாரர்கள். ஒரே நாட்டின் ஒரே விசா இந்த மூவருக்கும் மூன்று வேறு முகங்களைக் காட்டுகிறது என்பதால், நாடுகளின் பட்டியலை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கதவே திறக்காத இடங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜப்பான் 2024-ல் தொடங்கிய ஆறு மாத விசா, விசா விலக்கும் வரி ஒப்பந்தமும் இரண்டும் உள்ள நாட்டினருக்கு மட்டுமே உரியது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்தோனியாவின் இ-ரெசிடென்சி அட்டையைக் குடியிருப்பு அனுமதி என்று நம்பிக் கட்டணம் செலுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2014 முதல் தரப்படும் மின்னணு அடையாளம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு தலைநகர் தாலினில் ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்க முடியாது. எஸ்தோனியாவின் உண்மையான டிஜிட்டல் நோமட் விசா, அதாவது ரிமோட் வேலை செய்பவர் அங்கே தங்குவதற்கான விசா, தனி. அதற்கு மாதம் 4,500 யூரோ வருமானம் காட்ட வேண்டும். மால்டா ஆண்டுக்கு 42,000 யூரோ கேட்கிறது. 2025-ன் கணக்கில் இந்த இரண்டையும் விட ஐபீரிய நாடுகளான ஸ்பெயினும் போர்ச்சுகலும் குறைவாகக் கேட்டதோடு, நீண்டகாலக் குடியிருப்புக்கு வழியும் விடுகின்றன. எனவே ஐரோப்பா என்றால் ஒப்பீடு பெரும்பாலும் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையில்தான் நடக்கிறது.

வருமான வரம்பை மட்டும் பார்த்தால் ஸ்பெயின் முந்துகிறது. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 2025-ன் ஊதியத்தின்படி மாதம் சுமார் 2,763 யூரோ போதும். போர்ச்சுகலில் ரிமோட் வேலைக்கான டி8 விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கு, அதே 2025-ன் கணக்கில் 3,480 யூரோ தேவை. யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் மாதம் எழுபதாயிரம் ரூபாய் இடைவெளி இருக்கிறது. இரு நாடுகளிலும் குறைந்தபட்ச ஊதியம் உயர உயர இந்த வரம்பும் தானாக உயரும். குடும்பத்தோடு போகிறவர் ஸ்பெயினில் துணைவருக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தின் 75 விழுக்காட்டையும், அடுத்து வரும் ஒவ்வொருவருக்காகவும் 25 விழுக்காட்டையும் கூட்டிக் காட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் கணக்கு ஏறக்குறைய 4,144 யூரோவில் வந்து நிற்கிறது. இதற்கு ஈடாக, உடன் வரும் துணைவருக்கும் அங்கே வேலை செய்யும் உரிமை கிடைக்கிறது என்பதை, இருவரும் சம்பாதித்துப் பழகிய பெங்களூர்க் குடும்பங்கள் அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் ஸ்பெயினின் முட்டுக்கட்டை வருமானத்தில் இல்லை. சமூகப் பாதுகாப்பில் இருக்கிறது. ஊழியராக விண்ணப்பிப்பவர், தம் நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் தொடர்ந்து இருப்பதற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையெனில் அவருடைய நிறுவனம் ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிவு செய்துகொண்டு அங்கே சந்தா கட்ட வேண்டும். அப்படியொரு சான்றிதழ் செல்லுபடியாவதற்கு இரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, போர்ச்சுகல் முதலிய நாடுகளோடு இந்தியா அப்படி ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஸ்பெயினோடு நடைமுறையில் ஒன்றும் இல்லை. எனவே பி.எஃப். பிடித்தம் உள்ள சம்பளச் சீட்டோடு போகிறவர், தம் நிறுவனத்தை ஸ்பெயினில் பதிவு செய்யச் சொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறார். ஒரே ஓர் ஊழியருக்காக அயல்நாட்டில் வரிப் பொறுப்பையும் சந்தாப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொள்ள எந்த எச்.ஆர். துறையும் எளிதில் இசையாது. எனக்குத் தெரிந்த இரண்டாம் வகை நண்பர் ஒருவருக்கு, அவருடைய அமெரிக்க மேலாளர் ஒரே நாளில் சம்மதக் கடிதம் தந்துவிட்டார். காகிதத்தில் முதலாளியான இடைநிறுவனமோ, "பணியிடம்: பெங்களூர், கர்நாடகா" என்று நியமன ஆணையில் அச்சிட்டிருந்த வரியைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டது.

மூன்றாம் வகையினருக்கு இதே ஸ்பெயின் வேறு நாடாகத் தெரிகிறது. ஒப்பந்ததாரர் தாமே சுயதொழில் புரிபவராக அங்கே பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிபவருக்கு முதல் ஆண்டுச் சந்தா மாதம் 80 யூரோ அளவில் சலுகையாக இருக்கிறது. மொத்த வருமானத்தில் 20 விழுக்காடு வரை ஸ்பானிய வாடிக்கையாளரிடமிருந்தும் ஈட்டலாம். பட்டம் அல்லது மூன்றாண்டு அனுபவம், வாடிக்கையாளர் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்குவதற்கான சான்று, அதனோடு மூன்று மாதத் தொடர்பு ஆகியவை போதும். தூதரகம் வழியே போனால் ஓராண்டு விசா கிடைக்கும். சட்டப்படி ஸ்பெயினுக்குள் இருக்கும்போதே விண்ணப்பித்தால் மூன்றாண்டு அனுமதி கிடைப்பதோடு, இருபது வேலை நாட்களில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே சட்டம் கருதுகிறது. அரசு அலுவலகத்தின் மௌனம் விண்ணப்பதாரருக்குச் சாதகமாகும் இந்த ஏற்பாட்டை நம் ஊரில் கனவில்கூடக் காண முடியாது. இதில் ஒரு கண்ணி மட்டும் உண்டு. ஊதியத்துக்கு 6 லட்சம் யூரோ வரை 24 விழுக்காடு மட்டும் வரி என்ற புகழ்பெற்ற சலுகை பொதுவாக ஊழியர்களுக்கானது; சுயதொழில் பதிவில் போகிறவர் வழக்கமான ஏறுமுக வரிக்குள்தான் வருவார். அதாவது, அனுமதி எளிதாகக் கிடைப்பவருக்கு வரிச் சலுகை கிடைப்பது அரிது. வரிச் சலுகைக்குத் தகுதியுள்ளவருக்கு அனுமதி கிடைப்பது அரிது. விசா ஆலோசகர்களின் விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது.

போர்ச்சுகல் வாசலில் அதிகம் கேட்கிறது. ஆனால் கேட்பதை நேராகக் கேட்கிறது. கடைசி மூன்று மாத வருமானத்தின் சராசரி, வேலை ஒப்பந்தம், எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்பதற்கான சான்று, அங்கே தங்குமிடம் ஆகியவற்றைக் காட்டினால், சமூகப் பாதுகாப்புச் சான்றிதழ் என்ற ஸ்பானிய முட்டுக்கட்டை விசா கட்டத்தில் குறுக்கே வருவதில்லை. இந்தியாவுடனான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது நிறுவனமே அனுப்பிவைக்கும் ஊழியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், நிறுவனத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் அதனால் பயனில்லை. முதல் வகையினரில் எழுத்துபூர்வமான சம்மதம் பெற்றவர்களுக்கு ஐரோப்பாவில் ஓரளவு நடக்கக்கூடிய வழி இதுதான் என்பது என் கருத்து.

போர்ச்சுகலின் பலவீனம் உள்ளே போன பிறகு தெரியும். விசா நான்கு மாதத்துக்கானது. அதற்குள் குடிவரவு முகமையிடம் நேரில் சென்று ஈராண்டு அனுமதி அட்டை பெற வேண்டும். பழைய எஸ்.இ.எஃப். அமைப்பைக் கலைத்து 2023 அக்டோபரில் ஏ.ஐ.எம்.ஏ. என்ற புதிய முகமை தொடங்கியபோது, சுமார் மூன்றரை லட்சம் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அந்தத் தேக்கத்தின் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை. அட்டை வரும்வரை சட்டப்படி இருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு லிஸ்பனில் காலம் தள்ளலாம். ஆனால் தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புவதற்கு அந்த நம்பிக்கை மட்டும் போதாது. வரியிலும் பழைய கதை முடிந்துவிட்டது. பத்தாண்டுச் சலுகையான என்.எச்.ஆர். திட்டம் 2024 முதல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டம் ஆராய்ச்சி, புத்தாக்கம் போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டுமே பொருந்துகிறது. மற்றவர்களுக்கு வரி 48 விழுக்காடு வரை ஏறும். ஐந்து ஆண்டில் குடியுரிமை என்று சொல்லி விற்கப்பட்ட ஈர்ப்பும், அதைப் பத்தாண்டாக்கும் மசோதா 2025-ல் நாடாளுமன்றத்துக்கு வந்ததிலிருந்து ஆட்டம் காண்கிறது. ஸ்பெயினில் இந்தியருக்கு அது முன்பே பத்தாண்டுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராத நிலையில், என் பார்வையில் இந்த அம்சத்துக்கு இவ்வளவு எடை கொடுப்பதே மிகை; ஐந்தாண்டில் கிடைக்கும் நீண்டகாலக் குடியிருப்பு இரு நாடுகளுக்கும் பொதுவானது.

கீழ்த்திசைக்கு வந்தால் கணக்கு லேசாகிறது; கிடைப்பதும் லேசானது. மலேசியாவின் டி.இ. ரன்தாவ் திட்டம் 2022 அக்டோபரில் தொடங்கியது. மென்பொருள் போன்ற தொழில்நுட்பப் பணியாளருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் போதும். பிற துறையினருக்கு 60,000 டாலர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரிங்கிட், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 500. ஓராண்டும் அதன்பின் இன்னோர் ஆண்டும் தங்கலாம்; அத்தோடு சரி, அங்கிருந்து நிரந்தரக் குடியிருப்புக்குப் படிக்கட்டு இல்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழிலேயே காய்கறி வாங்கிக்கொண்டு, வயதான பெற்றோரை அவ்வப்போது அழைத்து வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட இணக்கமான இடம் கிடையாது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் போய் வரலாம் என்பதால், முன்கூட்டி ஒருமுறை வீடு பார்த்துவிட்டு வருவதும் எளிது. தாய்லாந்தின் டி.டி.வி. விசா 2024 ஜூலையில் வந்தது. வங்கியில் 5 லட்சம் பாட், அதாவது தோராயமாக 13 லட்சம் ரூபாய் இருப்பு காட்டினால், ஐந்தாண்டுக்குப் பலமுறை நுழையவும், ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கவும் அனுமதிக்கிறது. ஆனால் இதைக் குடியிருப்பு அனுமதி என்று அழைப்பது பொருந்தாது. நீண்ட சுற்றுலா விசாவின் மரியாதையான வடிவம் என்றே சொல்ல வேண்டும்.

துபாயின் ஓராண்டு ரிமோட் வேலை அனுமதி மாதம் 3,500 டாலர் வருமானமும் மருத்துவக் காப்பீடும் கேட்கிறது. தனிநபர் வருமான வரி அங்கே இல்லை என்பதால் பலர் இதைப் பார்த்ததும் கணக்கை மூடிவிடுகிறார்கள். சம்பளம் பெங்களூர் வங்கிக் கணக்கில் ரூபாயாக வந்து விழுகிறது என்றால், நீங்கள் வரிக்கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியராகவே ஆகியிருந்தாலும், இந்தியாவில் பெறப்பட்ட வருமானம் என்ற முறையில் இங்கே வரிக்கு உட்படும். ஆக, முதல் இரு வகையினர் துபாய் வாடகையைக் கட்டிக்கொண்டு இந்திய வரியையும் கட்டும் நிலை வரும். வெளிநாட்டுக் கணக்கில் டாலர் வாங்கும் ஒப்பந்ததாரருக்கே துபாய் உண்மையில் லாபம். அவரும் வாடகைக் காசோலைகளை முன்தேதியிட்டு மொத்தமாகக் கொடுக்கும் அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும்.

நேர வித்தியாசத்தை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் காட்டுவதில்லை. அன்றாட வாழ்வில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நியூயார்க்கின் ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரையிலான வேலை நேரம், கோடைக் கணக்கில் பெங்களூரில் மாலை ஆறரைக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி இரண்டரைக்கு முடிகிறது. கோலாலம்பூருக்குப் போனால் அது இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை ஐந்து வரை என்று இன்னும் மோசமாகும். துபாயில் மாலை ஐந்திலிருந்து நள்ளிரவு ஒன்று. லிஸ்பனில் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து. அமெரிக்க வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் மலேசியாவின் குறைந்த செலவை மட்டும் பார்த்துக் கிளம்பினால், தூக்கத்தை விலையாகக் கொடுப்பார். பெங்களூர் அலுவலக நேரத்தில் கூட்டங்கள் உள்ளவருக்கோ இதே மலேசியா, இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், காலைப் பொழுதைத் தாராளமாகத் தருகிறது.

காகித வேலையில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் "கார்த்திக் ஆர்.", கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில், திருமணப் பதிவில் தலைப்பெழுத்து முன்னால் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உள்ள ஸ்பெயினில் இதை விளக்குவதற்குள், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்துக்கும் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மறுத்து, பிறகு அடுத்த பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. எனவே குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர், எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கடவுச்சீட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அப்போஸ்டில் எனப்படும், ஆவணத்தை உறுதிசெய்யும் பன்னாட்டு முத்திரையை ஏற்கின்றன. அமீரகத்துக்குத் தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மாநில அளவிலான முதல் சரிபார்ப்பு தமிழ்நாட்டில்தான் நடக்கும் என்பதால், எத்தனை ஆண்டுகள் பெங்களூரில் இருந்தாலும் சென்னைக்கு அனுப்பி வாங்கும் காலத்தையும் சேர்த்தே, குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளைக் குறிக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் ஆயுள் சில மாதங்கள்தான்.