நாய்க்கென்று விற்கும் கோழிப் பை: உருகவிட்டு நிறுத்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இறைச்சிக்கடையில் போய் "நாய்க்கு" என்று கேட்டால், உறைபெட்டியின் அடியிலிருந்து முடிச்சுப் போட்ட சொப்பிங் பை ஒன்று வரும். கல்லுப்போல உறைந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது. நல்ல கோழியின் பாதி விலைதானே என்று அவிழ்க்காமலே வாங்கி வந்துவிடுகிறோம். நகரை அண்டிய ஒரு கடையில் அண்மையில் வாங்கிய 2 கிலோ பையின் கணக்கைப் பாருங்கள்.

உருகவிட்டு வடித்த தண்ணீர் 450 கிராம். தோலும் கொழுப்பும் 520. தலை, கால், கழுத்து, முதுகெலும்பு 690. ஈரலும் குடலும் 120. எலும்பில்லாமல் பிரித்தெடுத்த சதை 220 கிராம் மட்டும். அதே காசுக்கு 1 கிலோ புறொய்லர் கோழி வாங்கியிருந்தால் அரைக்கிலோவாவது சதை தேறியிருக்கும். மலிவு என்று வாங்கியதில் சதைக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை போயிருக்கிறது.

காசு போனதை விட்டாலும், பைக்குள் இருந்த நிலைமையை விட முடியாது. அடியில் இளஞ்சிவப்பு நீர் ஒரே பாளமாக உறைந்திருந்தது; துண்டுகள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. இறைச்சி ஒருமுறை உருகித் திரும்ப உறைந்திருக்கலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம். எங்களுடைய வெக்கைக்கு, உருகி இரண்டு மணித்தியாலம் வெளியில் கிடந்தாலே கிருமி பெருகத் தொடங்கிவிடும். உறையவைப்பது கிருமியை நிறுத்தி வைக்குமே தவிர முழுதாகக் கொல்லாது. உருகிய பிறகு கைக்கு வழுவழுப்பு, புளித்த மணம், எலும்போரத்தில் பச்சை படிந்த நிறம், இவற்றில் ஒன்று இருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

திருப்பிக் கொண்டுபோனபோது கடையில் சொன்ன பதில்: "நல்லா அவிச்சுக் குடுங்கோ, நாய்க்கு ஒண்டும் செய்யாது." இது பிழை. அவித்தால் சல்மோனெல்லா, கம்பிலோபக்டர் ஆகிய கிருமிகள் சாகும், உண்மை. ஆனால் பழுதாகும்போது ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். அவித்த பிறகும் வாந்தியும் வயிற்றோட்டமும் வருவது அதனால்தான்.

"அப்ப பச்சையாகவே போடுங்கோ" என்று சொல்பவர்களும் உண்டு. பச்சைக் கோழிக்கும், பின்னங்காலில் தொடங்கி மேலேறும் ஒருவகை வாதத்துக்கும் உள்ள தொடர்பை மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2018இல் காட்டியது. அதற்குக் கம்பிலோபக்டர் கிருமிமேல்தான் சந்தேகம். பச்சை இறைச்சி தின்ற நாயின் மலத்திலும் கிருமி வெளியேறும். முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் அது ஆபத்து.

அவித்த எலும்பு இன்னொரு கண்டம். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளக்கும்; தொண்டையில் தைக்கும், குடலைத் துளைக்கும். ஆகவே அவித்து, ஆறவிட்டு, கையாலேயே பிரித்து, ஒவ்வொரு பிடியையும் விரலால் தடவிப் பார்த்துப் போடுங்கள். கழுத்தெலும்பும் விலாவெலும்பும் சிறியவை, கண்ணுக்குத் தப்பும். தோலையும் கொழுப்பையும் சேர்க்கவே வேண்டாம். கொழுப்பு கூடினால் கணையம் வீங்கும், தாங்க முடியாத வயிற்றுவலி வரும்.

சட்டியில் கோழியும் தண்ணீரும் மட்டும் போதும். கறித்தூள், உப்பு, சூப் கட்டி ஒன்றும் வேண்டாம். வெங்காயம், உள்ளி, லீக்ஸ் மூன்றும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை; அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. மிஞ்சிய கோழிக் கொத்துரொட்டியை நாய்க்குப் போடும் வழக்கத்தை இன்றே விடுங்கள். அதில் வெங்காயம், லீக்ஸ், எலும்பு, எண்ணெய் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. பல்முரசு வெளிறுவதும் சிறுநீர் கபில நிறமாவதும் சில நாள் கழித்தே தெரியும். அதற்குள் எதைத் தின்றது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

12 கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளுக்கு அவித்த சதை 200 கிராம் (பச்சையாக ஏறக்குறைய 280), சோறு 250 கிராம், அவித்த பூசணி ஒரு பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை இரண்டு நேரமாகப் பிரியுங்கள். இறைச்சியில் பொசுபரசு நிறைய, கல்சியம் மிகச் சொற்பம். எலும்பை நீக்கினால் கல்சியத்துக்கு வேறு வழி வேண்டும்: முட்டைக் கோதைப் பத்து நிமிடம் அவித்து, காயவைத்து, மாவாக அரைத்து அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெறும் கோழியும் சோறும் தின்று வளரும் குட்டியின் கால் வளையும், சும்மா துள்ளினாலே எலும்பு முறியும். அவற்றுக்குரிய அளவை மிருக வைத்தியரிடமே கேளுங்கள்.

அடுத்த முறை கடையில் உறைந்த பையை வாங்காதீர்கள். முழுக்கோழியை முன்னால் வெட்டச் சொல்லுங்கள். தோலை உரித்துவிட்டு நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். பழுதான இறைச்சி தந்தால் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். "மனிசருக்கு விக்கேல்லையே" என்ற சாட்டை ஏற்காதீர்கள். அதே கட்டை, அதே கத்தி, அதே உறைபெட்டிதான் எங்கள் வீட்டுக் கோழிக்கும். நிறையில் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

நாய் ஒன்றும் வராமல் திரும்பத் திரும்ப ஓங்காளித்தாலோ, முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி நின்றாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எலும்பு இறங்கும் என்று சோற்றுருண்டை திணிக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். பனடோல் கொடுக்கவே கூடாது. தின்றது என்ன, எப்போது, எவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதி, மிஞ்சிய இறைச்சியையும் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.