ஃபோர்ட் கொச்சியில் "முந்நூறு ரூபாய்க்கு எல்லா இடமும்" என்று அழைத்தால் ஏறாதீர்கள்

ஃபோர்ட் கொச்சிப் படகுத்துறையில் இறங்கியதும் நல்ல தமிழ் பேசிக்கொண்டு ஓர் ஆட்டோக்காரர் வருவார். கூடவே வயதானவர் இருந்தால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். "அப்பாவால் இந்த வெயிலில் நடக்க முடியாது சார். முந்நூறு கொடுங்கள், எல்லா இடமும் காட்டி இங்கேயே கொண்டுவந்து விடுகிறேன்" என்றார் எங்களிடம். பகல் முழுக்க முந்நூறு ரூபாய்க்கு வண்டி ஓட்டினால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று அப்பா கேட்டார். அதற்கும் ஒரு சிரிப்புத்தான் பதில்.

அப்பா பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பக்கத்திலுள்ள மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர்களின் "பரதேசி" (வெளிநாட்டார்) தொழுகைக்கூடத்தையும், அதன் தரையில் பதித்திருக்கும் நீலச் சித்திரச் சீன ஓடுகளையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. வண்டியில் ஏறும் முன்பே அதைச் சொல்லிவிட்டோம். "அங்கே இன்று ஏதோ பண்டிகை, மூடிவிட்டார்கள்" என்றார் அந்த மனிதர், கண் இமைக்காமல். யூதப் பண்டிகை நாட்களில் அந்த இடம் மூடியிருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது.

முதலில், கரையில் மேடை கட்டி மீன் பிடிக்கும் சீன வலைகள். மேடையில் நின்றவர்கள் "வாருங்கள் ஐயா, கயிறு பிடியுங்கள்" என்று அப்பாவை அழைத்தார்கள். ஒரு பக்கம் தொங்கும் கருங்கற்களின் எடையில் அவ்வளவு பெரிய வலை எழும்பி வருவதைப் பார்த்து அவர் குழந்தையாகிவிட்டார். கீழே இறங்கியதும் ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். வாக்குவாதம் செய்து நூறோடு முடித்தோம். மீனவர்களுக்கு நூறு ரூபாய் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஏறும்போது சொல்லாமல் இறங்கும்போது கேட்டதுதான் கசந்தது.

அடுத்து புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் புதைத்த இடம். எலும்புகள் பிறகு லிஸ்பனுக்குப் போய்விட்டன. அப்பா அந்தக் கல்லருகே நின்று இதை எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஹார்ன் சத்தம். நேரமாகிறதாம்.

எதற்கு நேரமாகிறது என்று பிறகுதான் தெரிந்தது. "அரசு எம்போரியம்" என்று ஒரு கட்டடத்தின் முன் நிறுத்தினார். உள்ளே காஷ்மீர் சால்வையும் கம்பளமும். பலகையில் அரசின் பெயர் எங்குமே இல்லை. வாங்க வேண்டாம், பத்து நிமிடம் பார்த்தால் போதும், தனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும் என்று கெஞ்சினார். அது முடிந்து நகைக் கடை, அதன் பிறகு இன்னொரு சால்வைக் கடை. ஒவ்வொன்றிலும் மாடிப்படி ஏற்றி, தேநீர் கொடுத்து, கதவருகே ஆள் நிற்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லியும் சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான். நடக்க முடியாதவர் என்று இரக்கப்பட்ட அதே வாய்!

கடைசியாக மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கடை. ஏலக்காய்ப் பொட்டலத்தில் மேலே பெரிய காய்கள், அடியில் சருகு. குங்குமப்பூ ஒரு கிராம் என்று விற்றதை வீட்டில் வெந்நீரில் போட்டோம். நொடியில் தண்ணீர் சிவந்து இழை வெளுத்துவிட்டது. அசல் பூ மெல்ல மெல்ல மஞ்சளாகத்தான் நிறம் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். கொடுத்த ரசீதோ வெறும் துண்டுச் சீட்டு. கடையின் முகவரியோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லை. இதை வைத்துக்கொண்டு எங்கே புகார் கொடுப்பது?

அந்தக் கடையை விட்டு வெளியே வந்தபோது தெருக்கோடியில் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு தெரிந்தது. அதனடியிலிருந்து சுற்றுலாப் பயணிகள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். அப்பா வேகமாக நடந்தார். வாசலில் இருந்தவர் கதவைச் சாத்திக்கொண்டே, காலையிலிருந்து திறந்துதான் இருந்தது, இப்போது ஐந்து மணி ஆகிவிட்டது என்றார். பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் நேரம் முடிந்திருந்தது. அதன் ராமாயணச் சுவரோவியங்களும் போயின. ஆட்டோக்காரர் காத்திருப்புக் கூலி சேர்த்து ஆயிரத்து இருநூறு கேட்டார். போலீஸைக் கூப்பிடலாமா என்று கேட்டதும் முந்நூறை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: தொழுகைக்கூடம் வழக்கமாகக் காலை பத்து முதல் ஒன்று வரை, பிறகு மூன்று முதல் ஐந்து வரை. சனிக்கிழமை விடுமுறை, வெள்ளிக்கிழமை பிற்பகலும் கிடையாது. அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான், ஆகவே காலையில் முதலில் மட்டாஞ்சேரிக்குப் போய்விடுங்கள். ஃபோர்ட் கொச்சியில் வலைகளுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே மரநிழலில் மெல்ல நடந்தே போகலாம், வயதானவர்களாலும் முடியும். எர்ணாகுளம் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகு வருகிறது. குளிர்சாதன வசதி உண்டு, டிக்கெட்டும் மலிவு. ஆட்டோ பிடித்தால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மட்டும் பேசுங்கள், இறங்கியதும் பணம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஓர் இடம் மூடியிருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், வாசலுக்கே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.