தானா ராத்தாவில் "தேயிலை – கோப்பித் தோட்ட நடை" என்று கூப்பிட்டால் யோசியுங்கள்

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை ஏறி, அங்குள்ள தானா ராத்தா ஊருக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன மாதம் நாங்கள் ஐந்து பேர் 600 வெள்ளியை (ரிங்கிட்)த் தொலைத்துவிட்டு இறங்கினோம்.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். தேயிலை, கோப்பி இரண்டு தோட்டமும், இரண்டு மணி நேரம், சுலபமான நடை, ஆளுக்கு 120. போன் அடித்து, அம்மாவுக்கு 67 வயது, முட்டி வலி என்று முதலிலேயே சொன்னேன். "ஒண்ணும் பயமில்லக்கா, பாட்டிங்க எல்லாம் நடந்திருக்காங்க" என்றார் வழிகாட்டி. தமிழ்ப் பையன், பேச்சில் அவ்வளவு மரியாதை. முழுப் பணத்தையும் அவருடைய சொந்தக் கணக்கில் போட்டேன். புத்தி கெட்ட வேலை.

அம்மா கிளம்பியதே கோப்பிக்காகத்தான். ஜொகூரில் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் தாத்தா வைத்த நாலு கோப்பி மரத்தைப் பற்றி இன்றும் பேசுவார்.

காலை எட்டு மணிக்கு வரவேண்டியவர் ஒன்பதே காலுக்கு வந்தார். நூறு அடி தாண்டியதும் மண்பாதை. ஓரத்துப் பலகையில் 10 என்று இருந்தது. தானா ராத்தாவில் காட்டுப் பாதைகளை எண் வைத்துத்தான் சொல்வார்கள். 10 என்றால் குனோங் ஜாசார் மலை உச்சிக்குப் போகிற ஏற்றம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் பெய்த மழையில் வேரெல்லாம் வழுக்கல். அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் மரத்தையும் பிடித்தபடி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அந்தப் பையன் முப்பது அடி முன்னால் போனில் பேசிக்கொண்டே போனார். திரும்பலாம் என்றதற்கு, "பாதி தூரம் வந்தாச்சுக்கா, எறங்குறது இன்னும் கஷ்டம்" என்றார். இரண்டு மணி நேரம் என்றது நாலரை ஆயிற்று.

தேயிலை வந்தது, பொய்யில்லை. மலைச்சரிவு முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி. அங்கே என் அக்காள் மகன் கேட்டான், பச்சைத் தேயிலைக்கு வேறு செடியா என்று. "ஆமா தம்பி, அது வேற ஜாதி" என்றார் வழிகாட்டி! ஒரே செடி, ஒரே கொழுந்துதான். வாட விட்டு, உருட்டி, காற்றில் கறுக்க விட்டால் கறுப்புத் தேயிலை. கறுக்க விடாமல் பறித்ததும் சூடு காட்டிவிட்டால் பச்சை. இதுகூடத் தெரியாதவருக்கு 120 வெள்ளி.

பிறகு கோப்பி. ஒரு கடையின் பின்புறம், கறுப்புப் பாலிதீன் பைகளில் முழங்கால் உயரக் கன்றுகள். எண்ணினேன், பதினொன்று. "இதான் தோட்டம், புதுசா வெச்சிருக்காங்க." அம்மா குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். "எங்கப்பா வெச்ச மரத்துல எல உள்ளங்கையவிடப் பெருசு. காய் பறிக்க ஏணி போடணும்" என்றார். அது லைபீரிக்கா. மலேசியாவில் பெரும்பாலும் விளைவது அந்த ஜாதிதான், அதுவும் ஜொகூர் மாதிரித் தாழ்நிலத்தில். ரப்பர் வருவதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த சனம் நாம். நம்மிடமே இந்த வித்தை.

கடைக்குள் ஒரு பொட்டலம் "மலைக் கோப்பி" 45 வெள்ளி. வாங்கவில்லை. அதற்கப்புறம் பையனின் மரியாதை போய்விட்டது. கார் நிற்கும் இடத்துக்குத் திரும்ப, லோரி போகிற சாலை ஓரத்தில் எங்களையே நடக்கச் சொல்லிவிட்டார்.

போகிறவர்கள் பாதை எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா அமைச்சு கொடுக்கும் வழிகாட்டி உரிம அட்டையைப் பணம் கட்டும் முன்பே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஆள் கழுத்தில் அட்டைக்குப் பதில் ஹெட்போன் தொங்கியது. முன்பணம் மட்டும் போட்டு, மிச்சத்தை நடந்து முடித்த பிறகு கையில் கொடுங்கள்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். விளம்பரம், பணம் போட்ட ரசீது, அந்தப் பதினொரு கன்றுகளின் படம் மூன்றையும் சேர்த்திருக்கிறேன். மனு போன மறுநாளே பையனிடமிருந்து செய்தி: "அக்கா, 200 திருப்பித் தரேன், கேஸ் வேணாம்." 600 என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்து நாலு நாளாகிறது.